டிஸ்பாட்ச் அக்கா யாரையும் கேட்கமாட்டார்

திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பெண்கள் கழிவறைக்கு ஒரு பூட்டு உண்டு. சாவி மேனேஜரின் டிராயரில் இருக்கும். வெளியாட்கள் வந்து அசிங்கம் பண்ணிவிடுகிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். பேக்கிங் பெண்கள் அந்தச் சாவிக்காக மேனேஜர் அறை வாசலில் போய் நின்று, அவர் போன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போவார்கள்.

சரக்கு அனுப்பும் பிரிவான டிஸ்பாட்சுக்கு வந்த அக்கா, வேலைக்குச் சேர்ந்ததும் அந்தச் சாவியை ஒரே ஒரு முறை கேட்டு வாங்கினார். அன்று மதியம் ஷேர் ஆட்டோ ஏறித் திருவள்ளூர் பஜாருக்குப் போனவர் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் திரும்பினார். மறுநாள் பேக்கிங் பெண்கள் ஒவ்வொருவர் கழுத்துக் கயிற்றிலும் ஒரு சாவி ஆடியது.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "யாரைக் கேட்டு டூப்ளிகேட் போட்டீங்க?"

"யாரையும் கேக்கல சார். அவசரம் வந்தா அது யாரையாச்சும் கேட்டுகினா வருது?"

எங்கள் மேனேஜர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இந்த உலகத்தில் ஒரு குண்டூசி நகர்வதாக இருந்தாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகர வேண்டும் என்று நம்பியவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் தலையில் அக்கா வந்து விழுந்தது அவர் செய்த பாவமாக இருக்கலாம்.

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேர எழுத யாரைக் கேட்ட?" என்று கிளம்பி வந்துவிடுவார். அடுத்தவர் கேட்காமல் எடுத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தான் மட்டும் யாரையும் கேட்கமாட்டார். இது என்ன நியாயம் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

நான் அங்கே தரப் பரிசோதனை பார்த்தேன். இன்ஸ்பெக்டர் என்பது பதவியின் பெயர். அக்காவுக்கு அது பெரிய கேலி. "இன்னா இன்ஸ்பெக்டரே, இன்னிக்கு எத்தினி பேரைப் பிடிச்சி உள்ள போட்ட?" என்பார். ஒருநாள் என் பெட்டியில் இருந்த வெர்னியரைக் காணோம். இரும்புத் துண்டுகளின் அகலம் ஆழமெல்லாம் அளக்கிற கருவி அது. கீழே விழுந்தால் என் கதை முடிந்தது. தேடிக்கொண்டு போனால், டிஸ்பாட்ச் மேஜையில் சாப்பாட்டுக் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா அதனால் எதையோ அளந்துகொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"உன்னோடதா இது? உன்னோடதுன்னா கேட்டிருப்பேன். கம்பெனியோடது. நீயும் கம்பெனி ஆளு, நானும் கம்பெனி ஆளு. சொம்மா கத்தாத, இந்தா."

கூடைக்குள் பார்த்தேன். சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை இடியாப்ப அச்சு இருந்தது.

அது எதற்கு என்று சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஆள் புரியும். அக்காவின் பிறந்த வீடு பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். நெல் விளைகிற நிலம் இருந்தது. அப்பா போன பிறகு அண்ணன்மார் இருவரும் உழுது அறுத்துக்கொண்டார்கள். அறுப்பு முடிந்த மறுநாள் அக்கா வீட்டுக்காரருடைய ஷேர் ஆட்டோவில் களத்துக்கே போய் இறங்குவார். குவித்திருக்கும் மூட்டைகளில் தன் பங்கென்று அவர் நினைக்கிறதை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அண்ணன்மார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அண்ணிமார் ஊர் கேட்கப் புலம்புவார்கள்.

"கேட்டா குடுக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கேட்டா குடுப்பாங்க, நல்லவங்கதான். அதனாலதான் கேக்கல. கேட்டு வாங்கினா அது அவுங்க குடுத்ததா ஆயிடும்." தட்டச்சு செய்தபடியே, டப்பாவிலிருந்து ஒரு பிடி பச்சரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எந்நேரமும் அரிசி மெல்லுவது அவர் பழக்கம்.

அக்காவின் வேலை லாரி வந்தால் சரக்கோடு போகும் சலான் சீட்டு அடிப்பது, கேட் பாஸ் கொடுப்பது. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் படித்தவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று கம்பெனி நினைத்தது. ஆனால் எங்கள் டிசைன் அறையில் இரும்பு பாகங்களுக்கு அளவுப் படம் வரைந்துகொண்டிருந்தவர் கும்மிடிப்பூண்டியில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடாமல், படங்களை அம்பத்தூரில் கொடுத்து வரைந்து வாங்கினார்கள். அவருடைய கம்ப்யூட்டர் சலான் அடிக்க அக்காவிடம் வந்தது. படம் வரையும் சாஃப்ட்வேரை அதிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அதைத் திறந்து நோண்ட ஆரம்பித்தார். உதவிப் பக்கங்களை எழுத்துக் கூட்டிப் படித்தார். புரியாததை, போன டிசைன்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார். பிறகு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். குக்கர் வெயிட், தையல் மெஷின் பாபின் கேஸ், கதவுத் தாழ்ப்பாள், அரிவாள்மணையின் கீல் என்று எல்லாம் வந்தது. அளந்து வரைவார். மேலிருந்து, பக்கத்திலிருந்து, நடுவில் அறுத்தால் எப்படித் தெரியுமோ அப்படி. இடியாப்ப அச்சுப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான அச்சை எடுத்து நானே அளந்து பார்த்தேன். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளியில் லேசாகத் தப்பு. சொன்னேன். "தெரியும். பித்தளை தேஞ்சிபோயிருக்குது. புதுசா இருந்தப்ப எப்பிடி இருந்திருக்குமோ அப்பிடிப் போட்டேன்," என்றார். அது உண்மையா சமாளிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நம்ம கம்பெனி பீஸ் ஏதாவது எடுத்து வரையக் கூடாதா?"

"கம்பெனி பீஸ வரைஞ்சா அது கம்பெனியோடது. இது என் ஊட்டு சாமான். எவன் வந்து கேப்பான்?"

இப்படி மாதக்கணக்கில் சேர்ந்தது. அந்த வருடம் நவராத்திரி சமயத்தில் டிசைன்காரரிடமிருந்து போன் வந்தது. கும்மிடிப்பூண்டியில் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இன்னொரு படம் வரைபவர் வேண்டுமாம். ஆயுத பூஜை முடிந்து வருகிற சனிக்கிழமை நேர்முகம். வரைந்த படங்களைக் கையோடு கொண்டுவர வேண்டும். படம் இல்லாமல் வந்தால் உள்ளேயே விடமாட்டார்கள்.

அக்கா அன்றே அந்த ஃபோல்டரைத் தனக்கு மட்டும் என்று பூட்டிவிட்டார். தன் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தால் மட்டும் திறக்கும். வேறு யார் வந்தாலும் காட்டாது. "வேலை கெடைக்கறதுக்கு முன்ன மேனேஜருக்குத் தெரிஞ்சா பேஜாரு," என்றார்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. லேத், டிரில்லிங், பிரஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, அந்த வழியாக வரும் சைக்கிள்காரன் வழுக்கி விழுவதுவரை எல்லாம் முறைப்படி நடக்கும். அந்த வருடம் மேனேஜருக்கு ஒரு ஞானோதயம். மெஷினையெல்லாம் சுத்தம் பண்ணுகிறோம், கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே, அதைச் சுத்தம் பண்ண வேண்டாமா? சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, ஆபீஸில் இருந்த எல்லா கம்ப்யூட்டரிலும் விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார். அக்கா அன்று வீட்டுப் பூஜை வேலைக்காக லீவு. யாரும் அவரைக் கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்து அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். நெற்றியில் குங்குமத்தோடு அது விழித்தது. திரையில் பச்சைக் குன்றும் நீல வானமும். அவருடைய சாமான் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்ததில் பழைய ஃபோல்டர் ஒரு மூலையில் அப்படியே இருந்தது. தொட்டால் மணி அடித்து, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னது.

அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னா சொல்லுது பாரு. எனக்கு அனுமதி இல்லியாம். எனக்கு!"

சர்வீஸ்காரர் வந்தார். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேசுகிற ஆள். "ஃபார்மேட் அடிக்கல மேடம், மேலயேதான் போட்டேன். ஃபைல் எதுவும் போகல. பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு ரெண்டையும் அப்பிடியே குடுத்து யூசர் போட்டா தன்னால தொறந்துக்கும்," என்றார். எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே ஆள், அதே நாற்காலி. திறக்காமல் என்ன செய்யும்? போட்டார்கள். திறக்கவில்லை. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாற்றிப் பார்த்தார்கள், அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அதே மணி, அதே பதில்.

"போச்சு மேடம். விட்டுருங்க. நாளைக்கு மத்தியானம் வந்து மொத்தமா அழிச்சி ஃபார்மேட் அடிச்சிக் குடுத்துடறேன், மிஷினு பளபளன்னு ஆயிடும்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அதுல என்ன இருக்கு?"

"என் சொந்த ஃபைலுங்க சார்."

"கம்பெனி கம்ப்யூட்டர்ல சொந்தமா உங்களுக்கு என்ன இருக்கு? கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கறதெல்லாம் கம்பெனியோடது." சர்வீஸ்காரரிடம் திரும்பினார். "நாளைக்கே அடிச்சிடுப்பா."

மறுநாள் வெள்ளி. அதற்கடுத்த நாள் நேர்முகம். மாதக்கணக்காகச் சோற்று நேரத்தில் வரைந்ததை ஓர் இரவில் வரைய முடியாது. இதையெல்லாம் நினைத்து எனக்குத்தான் கண் கலங்கியது. அக்கா கலங்கவில்லை. அவருடைய தாடை மட்டும் அரிசி இல்லாமலே மென்றுகொண்டிருந்தது.

"அளந்தது நானு. வரைஞ்சது நானு. பூட்டுனதும் நானு. நேத்து வந்த விண்டோஸு என்னிய யாருன்னு கேக்குது. கெளம்பு இன்ஸ்பெக்டரே."

"எங்க?"

"இண்டர்நெட்டுக்கு. இந்த ஒலகத்துல நான் ஒருத்திதான் இப்பிடி மாட்டிகினேனா? எவனாச்சும் ஒருத்தன் தொறந்திருப்பான், அத்த எழுதியும் வச்சிருப்பான்."

மதியமே கிளம்பினோம். லீவு சொல்லவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு, தடுப்புக்கு ஒரு மின்விசிறி. அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டிக் கேட்டார். ஆளாளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். போனது போனதுதான் என்று ஒருவர். அடுத்த முறை காப்பி எடுத்து வை என்று ஒருவர். "இவுரு ஒருத்தரு, புத்தி சொல்ல வந்துட்டாரு," என்று அக்கா திரையைப் பார்த்தே சண்டை போட்டார். பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. விஷயம் இதுதான். விண்டோஸ் ஆட்களைப் பெயரை வைத்து அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. உள்ளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு நீள எண் கொடுத்து வைத்திருக்கிறது. புதிதாகப் போட்டால் எல்லோருக்கும் புது எண். பழைய பூட்டு பழைய எண்ணுக்காகக் காத்திருக்கிறது. அந்த எண் கொண்ட ஆள் இனி வரப்போவதே இல்லை.

எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அக்காவுக்குப் பட்டென்று பிடிபட்டது. "எங்க ஊர் ஓட்டர் லிஸ்டுல என் பேர்லயே கொள்ளப் பேரு கீறாங்க. பேர வச்சா பாக்கறான்? நம்பர வச்சித்தான் பாக்கறான். அதே கததான் இது."

வழியும் போட்டிருந்தது. கம்ப்யூட்டரில் முழு அதிகாரம் உள்ள ஒருவர் அந்த ஃபோல்டருக்கு உரிமையாளராகத் தன்னைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே ஓர் எச்சரிக்கை. ஃபோல்டரை வெறுமனே பூட்டியிருந்தால்தான் இது பலிக்கும். பூட்டுவதற்குப் பதிலாக உள்ளே இருப்பதையே குழப்பி எழுதி வைக்கும் இன்னொரு வசதியை அழுத்தியிருந்தால், பழைய சாவி இல்லாமல் ஆண்டவனே வந்தாலும் படிக்க முடியாது.

"எதை அழுத்தினீங்க அக்கா?"

முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "ஞாபகம் இல்லியே. ரெண்டுலயும் கைய வச்சி வச்சிப் பாத்தேன்."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவர் அரிசி டப்பாவைத் தொடவில்லை. அரிசி மெல்லாமல் அக்கா வந்து நான் பார்த்த ஒரே பயணம் அது.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி எதுவும் வருமுன் உட்கார்ந்து, டிசைன் அறை அலமாரியில் கிடந்த சிடியிலிருந்து படம் வரையும் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றிவிட்டார். நான் என் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். முதலில் எங்கோ ஒரு டிக்கை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தால்தான் பூட்டு சம்பந்தமான பக்கமே கண்ணில் படும். எடுத்தார். உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயரும் இல்லை, ஒரு நீளமான எண் மட்டும் இருந்தது. அதன் கீழே பட்டியலில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்பதற்கும் டிக் போட்டார். அழுத்தினார்.

திரை ஒரு கேள்வி கேட்டது. இதன் உள்ளே படிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. முழு உரிமையையும் உங்களுக்கே கொடுத்துவிடட்டுமா?

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "அனுமதி இல்லன்றதும் அதுவே, எடுத்துக்கிறியான்றதும் அதுவே. இத்தினி நாளும் எவனாச்சும் ஒருத்தன் இப்பிடிக் கேட்டிருக்கானா?" ஆம் என்பதை அழுத்தினார்.

ஃபைல் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. சரியாக அப்போது முதுகுக்குப் பின்னால் மேனேஜரின் குரல்.

"என்ன நடக்குது இங்க? அழிக்கச் சொன்னதை யாரைக் கேட்டுத் திறக்கறீங்க?"

நான் நகர்ந்து நின்றேன். அக்கா எழுந்திருக்கவில்லை, திரும்பவும் இல்லை. "ஒரு நிமிசம் சார்," என்றார். ஓட்டம் நின்றதும் முதல் ஃபைலை அழுத்தினார். கம்ப்யூட்டரின் சின்ன விளக்கு மினுக்கியது. குழப்பி வைத்திருந்தால் இங்கேதான் தெரியும்.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாக இடியாப்ப அச்சு விரிந்தது. முழுசாக, அறுத்த தோற்றத்தோடு, ஒவ்வொரு துளைக்கும் அளவு போட்டு.

மேனேஜர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது என்ன?"

"இடியாப்ப அச்சு சார்."

"இதையா பூட்டி வச்சீங்க?"

"கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கறது கம்பெனியோடதுன்னு சொன்னீங்க சார். கம்ப்யூட்டர் ஒங்களோடது, இல்லன்னு சொல்லல. இதுல எது நம்ம கம்பெனி சரக்குன்னு நீங்களே பாத்து சொல்லுங்க. அத்த இப்பவே அழிச்சிடறேன்." நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

மேனேஜர் உண்மையிலேயே பார்த்தார். குக்கர் வெயிட் வந்தது. பாபின் கேஸ் வந்தது. தாழ்ப்பாள் வந்தபோது குனிந்து, "இந்த ஸ்பிரிங்குக்கு எவ்ளோ கூடலாம் குறையலாம்னு டாலரன்ஸ் போட்டிருக்கீங்க," என்றார். அதை அவர் திட்டுவதற்காகச் சொன்னாரா வேறு எதற்காகவாவது சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. கடைசிவரை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் சர்வீஸ்காரர் வந்து சேர்ந்தபோது எல்லாம் சிடியில் ஏறி அக்காவின் கூடைக்குள் போய்விட்டது. "இப்ப அடிச்சிக்கோ நைனா, நீ ஆசப்பட்ட ஃபார்மேட்ட," என்றார். எப்படித் திறந்தது என்று சர்வீஸ்காரர் கெஞ்சிக் கேட்டார். அக்கா சொல்லிக் கொடுத்தார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. தனக்காகக் கேட்கத்தான் பழக்கமில்லை.

சனிக்கிழமை பெரியபாளையம் போய் பஸ் மாறிக் கும்மிடிப்பூண்டி போனார். திங்கட்கிழமை வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேநீர் நேரத்தில்தான் சொன்னார்.

"படமெல்லாம் சுத்தி வச்சிகினு பாத்தாங்க. ஒருத்தன் இன்னொருத்தனக் கூப்ட்டுக் காட்றான். அப்பால டிப்ளமா எங்கன்னாங்க. இல்லன்னேன். அப்ப வரையறதுக்குப் போட முடியாதும்மா, ரூல்ஸு. வேணும்னா டைப்பிங்குக்கு வாங்கன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டைப்பிங்குதான் எனக்கு அங்கியே கீதே, அதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வரணும்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

அத்தனை பாடுபட்டு மீட்டது எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அக்கா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "வா, இத்த ஒரு கை பிடி," என்றார். கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்கி, மானிட்டரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். காலியாகக் கிடந்த டிசைன் அறையில் கொண்டுபோய் இறக்கினார். மேஜைத் தூசியை முந்தானையால் துடைத்தார். சாஃப்ட்வேர் சிடியை அலமாரியிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டார். உட்கார்ந்தார்.

மேனேஜர் தேடிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார். "டிஸ்பாட்ச்ச யார் பாக்கறது?"

"நான்தான் சார். லாரி வந்தா எழுந்து போயி சலான் போட்டுட்டு வருவேன்."

அன்று அம்பத்தூரிலிருந்து வரவேண்டிய ஒரு படம் வராமல், வாடிக்கையாளர் காலையிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தது ஆபீஸ் முழுக்கத் தெரியும். மேனேஜர் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் உடைந்த கிளாம்ப் ஒன்று இருந்தது, வராத அந்தப் படத்துக்கு வாடிக்கையாளர் மாதிரியாகக் கொடுத்தது. அதை அக்காவின் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயந்திரத்துக்குள் படம் தயாரானது. எங்கள் படங்களின் வலது மூலையில் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். மூன்றிலும் கையெழுத்து இல்லாமல் லேத்துக்காரர் இரும்பைத் தொடமாட்டார். அக்கா தாளை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்து நடுக் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். பிறகுதான் கவனித்தேன். முதல் கட்டத்தில் அக்காவின் கையெழுத்து. மூன்றாவது கட்டத்திலும் அக்காவின் கையெழுத்து, கட்டம் நிறைய, பெரிதாக.

"அக்கா, ஒப்புதல் மேனேஜர்தான் போடணும்."

"போடட்டுமே. நானா வேணான்னேன்?"

தாள் லேத்துப் பக்கம் போனது. லேத்துக்காரர் மூன்றாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மேனேஜரும் வந்து சேர்ந்தார். தாளை வாங்கி, அளவுகளை ஒருமுறை, மூலையை ஒருமுறை பார்த்தார். அக்கா பக்கத்தில் நின்று அரிசி மென்றுகொண்டிருந்தார்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கட்டத்துக்குள் இடமில்லை. அக்காவின் கையெழுத்துக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, சின்னதாகப் போட்டுத் தாளைக் கொடுத்தார். லேத்துக்காரர் இரும்பை மாட்டினார்.